மலைப்பாதையில சைக்கிள் ஓட்டப் போறீங்களா? குரங்கணி சொல்லும் பாடம் என்ன? முழு விவரம்

மதுரையில் இருந்து அதிகாலையில் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், காலை டிபன் நேரத்துக்குள் போடி அடிவாரத்துக்குப் போய்விடலாம். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. மேலே தேயிலைத் தோட்டம், கீழே குரங்கணி, நடுவில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒற்றையடிப் பாதை. "மேல ஜீப்ல போயிட்டு, கீழ சைக்கிள்ல இறங்கிட்டா எப்படி இருக்கும்?" மவுண்டன் பைக் வைத்திருக்கும் யாருக்கும் இந்த ஆசை ஒருமுறையாவது வந்திருக்கும்.

ஆனால் இந்த ஆசைக்கு நடுவே மூன்று கேள்விகள் நிற்கின்றன. அந்தப் பாதையில் போக சட்டம் அனுமதிக்கிறதா? சைக்கிளும் உடம்பும் அந்த இறக்கத்தைத் தாங்குமா? ஏதாவது ஆனால் காப்பாற்ற யார் வருவார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மவுண்டன் பைக்கிங் எங்கே ஆரம்பிச்சது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி என்ற மலைப்பகுதியில் 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் கீழே விட்டு இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அது நேரம் குறித்து நடத்தும் பந்தயமாக மாறியது. அந்தப் பந்தயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'.

ஏன் அந்தப் பெயர்? அந்தச் சைக்கிள்களில் பின்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பிரேக் இருக்கும். ஒருமுறை மலை இறங்கினால் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். அடுத்த முறை இறங்கும் முன் கழற்றி, புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதைத்தான் ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்றார்கள். மலை இறங்குவதில் முதல் பிரச்சினையே பிரேக் சூடுதான் என்பது இந்த விளையாட்டின் பிறப்பிலேயே தெரிந்துவிட்டது.

ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி போன்றவர்கள் அங்கிருந்துதான் இன்றைய மவுண்டன் பைக்குகளை உருவாக்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியானது. நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப், திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் நடைபெற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டிக்கான தடம் அதற்கென்றே வெட்டி, சீர் செய்து, ஆபத்தான இடங்களில் ஆள் நிறுத்தி, ஆம்புலன்ஸ் வைத்து நடத்தப்படுவது. வீரர்களும் போட்டிக்கு முன்பே அந்தத் தடத்தை நடந்து பார்த்து, ஓட்டிப் பழகுகிறார்கள். காட்டுக்குள் இருக்கும் பழைய பாதையில் இதில் எதுவுமே கிடையாது.

குரங்கணியில் பாதை வந்தது எப்படி?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் குரங்கணி. இங்கிருந்து மேலே ஏறும் பாதைகள் மலையேறிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. தேயிலைக்காகப் போடப்பட்டவை.

மூணாறு பகுதியில் விளைந்த தேயிலையைக் கீழே கொண்டுவர, 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை தொடங்கப்பட்டது. அது டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவரும். அங்கிருந்து ரோப்வே வழியாகச் சரக்கு கொட்டகுடி பக்கம் இறங்கும். பிறகு போடி, அங்கிருந்து துறைமுகம். 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டது. ரயிலும் இல்லை, ரோப்வேயும் இல்லை. ஆனால் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் இன்றும் மலையில் நிற்கின்றன.

தொழிலாளர்கள் கால்நடையாக ஏறி இறங்கியதாலும், கழுதையிலும் குதிரையிலும் சுமை போனதாலும் உயிரோடு இருந்த பாதைகள் இவை. கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளாவின் சூரியநெல்லி பக்கம் இருந்து ஜீப் போக ஆரம்பித்த பிறகு, கீழிருந்து ஏறும் பாதைக்கு வேலை குறைந்துபோனது. ஒரு பாதையில் தினமும் ஆள் நடந்தால் அது பாதை. நடக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அது வெறும் ஓடைதான்.

2018 மார்ச் 11: என்ன நடந்தது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. மலையேற்றத்துக்காக வந்திருந்த இரண்டு குழுவினர் கொழுக்குமலையில் இருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடை தொடங்கி, மலைச்சரிவு முழுக்கப் புல் காய்ந்து கிடந்தது. பிற்பகலில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. காற்று பலமாக அடித்ததால் தீ வேகமாகப் பரவியது. தப்பிக்க ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். இந்தச் சம்பவத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் அந்தப் பகுதி மக்கள்தான். இருட்டிய பிறகு மீட்புப் பணி இன்னும் சிரமமானது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் வரவழைக்கப்பட்டன. தீக்காயம் அடைந்தவர்கள் தேனிக்கும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. பின்னர் விசாரணைக்கும் உத்தரவிடப்பட்டது.

"அவங்க நடந்து போனாங்க, நாங்க சைக்கிள்ல போறோம். சீக்கிரம் இறங்கிடுவோமே?" என்று தோன்றலாம். அங்கேதான் தப்பு. காட்டுத்தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். சரிவு செங்குத்தாக ஆக ஆக வேகமும் கூடும். கீழே தீ இருக்கும்போது நீங்கள் சைக்கிளில் இறங்கினால், தப்பித்து ஓடவில்லை. நேராகத் தீயை நோக்கிப் போகிறீர்கள்.

கீழே புகை தெரிந்தால் இறங்குவதை உடனே நிறுத்த வேண்டும். புல் இல்லாத பாறைப் பரப்பு, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம் இவைதான் ஓரளவு பாதுகாப்பு. ஓடைப் பள்ளங்களுக்குள் இறங்கக் கூடாது. அவை புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். சைக்கிளை அங்கேயே போட்டுவிடுங்கள். சைக்கிள் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

சைக்கிள்தானே, அதுக்கு எதுக்கு அனுமதி?

வண்டி எதுவாக இருந்தாலும் சட்டம் பார்ப்பது இடத்தைத்தான். காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது, 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனவிலங்கு சரணாலயமாக இருந்தால், 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன் 27-வது பிரிவு யார் நுழையலாம் என்று கட்டுப்படுத்துகிறது. 28-வது பிரிவு எந்தக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது.

மதுரையைச் சுற்றிப் பார்த்தால், நாம் "சும்மா மலைதானே" என்று நினைக்கும் பல இடங்கள் இதற்குள் வந்துவிடும். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காடுகள் உண்டு. கொடைக்கானல் மலைக்காடுகளின் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. மேகமலை, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

குரங்கணி விபத்துக்குப் பிறகு, 2018-லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் போகலாம். காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஆனால் இது நடந்து போவதற்கான திட்டம். நடைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. சைக்கிளில் போக வேண்டும் என்றால், அந்தப் பாதையைக் குறிப்பிட்டு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். "முடியாது" என்று பதில் வந்தால், அதோடு விஷயம் முடிந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் "வாங்க தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

காடு இல்லாத மொட்டைப் பாறையில் ஓட்டலாமா?

மதுரைச் சமவெளியின் அடையாளமே மொட்டைப் பாறைக் குன்றுகள்தான். யானைமலை, நாகமலை, சமணர்மலை என்று வரிசையாக நிற்கின்றன. பாறை பார்க்க சைக்கிளுக்கென்றே வார்த்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அதில் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கீழக்குயில்குடி சமணர்மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளன. இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மேலூர் பக்கம் உள்ள அரிட்டாபட்டி, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ராஜாளிப் பறவைகள் கூடு கட்டும் பாறைகள் அவை. அந்த மலைகளைக் காக்க ஊர் மக்கள் டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அப்படிக் காப்பாற்றிய பாறையில் டயர் தடம் போட்டால், ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா?

செங்குத்தான இறக்கத்தில் சைக்கிளுக்கு என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,500 மீட்டர் உயரத்தில் இருந்து மெதுவாக இறங்கினால், அந்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக மாறும். மொத்தமாகக் கணக்கிட்டால், அது சுமார் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. இதைத் தாங்க வேண்டியது உள்ளங்கை அளவு டிஸ்க்கும், விரல் நக அளவு பேடும்தான்.

ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால், ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கலாம். ஆயில் டிஸ்க் பிரேக்கில் ஆயில் கொதித்துவிட்டால், லீவர் கைப்பிடி வரை வந்தாலும் வண்டி நிற்காது. கருகிய வாசம் வந்தால் அது எச்சரிக்கை. நிறுத்தி, ஆற விட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். கையால் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

ஓட்டுபவர் கவனிக்க வேண்டியவை:

• எந்த பிரேக்? நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான் இருக்கிறது. இறங்கும்போது எடை முன்னால் சாய்வதுதான் காரணம். ஆனால் திடீரென்று அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். இரண்டையும் ஒரு விரலால், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பழக வேண்டும்.

• எப்போது பிடிப்பது? வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் அடித்தால் டயர் வழுக்கும்.

• உடம்பு எங்கே? சீட்டில் உட்காரக் கூடாது. சீட்டை இறக்கி வைத்து, பெடல்கள் சம மட்டத்தில் இருக்க, எடை பாதத்தில் நிற்க வேண்டும். இடுப்பு கொஞ்சம் பின்னால், முழங்கையும் முழங்காலும் லேசாக மடங்கி இருக்கட்டும்.

• கண் எங்கே? முன்சக்கரத்தைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் பாருங்கள். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

• கை வலித்தால்? நீண்ட இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போகும். பிடி தளர்வதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

• சந்தேகம் வந்தால்? இறங்கித் தள்ளுங்கள். அனுபவசாலிகள் செய்வதும் அதுதான், இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நம்ம ஊருக்கே உரிய ஒரு பிரச்சினையும் உண்டு. நெருஞ்சி முள், சீமைக்கருவேல முள். அடிவாரத்தில் இருந்து சமவெளி வரை டயருக்கு எமன் இவைதான். ஒரு ட்யூபோடு கிளம்பாதீர்கள். மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப் கட்டாயம் வேண்டும். டியூப்லெஸ் டயர் என்றால் உள்ளே சீலண்ட் திரவம் காயாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆள் போகாத பாதை ஏன் இன்னும் ஆபத்து?

முதல் காரணம், பாதையே மாறியிருக்கும். மேப்பில் கோடு இருக்கும், தரையில் இருக்காது. வடகிழக்குப் பருவமழை மண்ணை அரித்து உருட்டுக்கல்லை மட்டும் விட்டுச் சென்றிருக்கும். ஆளுயரப் புல்லும் உண்ணிச்செடிப் புதரும் பாதையை மூடியிருக்கும். புல்லுக்குள் இருக்கும் கல்லும் குழியும் நடப்பவருக்குக் காலில் தெரியும். சைக்கிளில் வருபவருக்கு விழுந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது காரணம், விலங்குகள். மனிதர் வராத இடம் என்பதால் காட்டுமாடும் கரடியும் யானையும் அந்தப் பாதையையே பயன்படுத்தும். நடந்து போனால் பேச்சுச் சத்தமும் காலடிச் சத்தமும் அவற்றை முன்கூட்டியே விலக வைக்கும். சைக்கிளுக்குச் சத்தமில்லை, ஆனால் வேகம் உண்டு. 2016 ஜூனில் அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்கா அருகே, பாதை வளைவில் வேகமாக வந்த சைக்கிள் ஓட்டி ஒருவர் கரடி மீதே மோதினார். கரடி தாக்கி அவர் உயிரிழந்தார். வளைவுகளில் வேகம் குறைத்து, மணி அடிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது காரணம், உதவி. மலைச்சரிவில் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. அவசர எண் 112-க்கும், ஆம்புலன்ஸுக்கான 108-க்கும் போன் போனாலும், ஆம்புலன்ஸ் ரோடு வரைதான் வரும். அதற்கு மேல் டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். தூக்கப்போவது யார்? அங்கே வசிக்கும் தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடி மக்களும்தான். நாம் பொழுதுபோக்குக்காக எடுக்கும் ரிஸ்க்கில், அவர்களின் ஒருநாள் கூலியும் சில சமயம் உயிரும் அடங்கியிருக்கிறது.

அப்போ மதுரைக்காரங்க எங்கே ஓட்டிப் பழகுறது?

சமவெளியிலேயே இடம் இருக்கிறது. கண்மாய்க் கரைகள் நல்ல தொடக்கம். மண், சரளை, சின்ன ஏற்ற இறக்கம் எல்லாம் கிடைக்கும். ஆனால் மழைக்காலத்தில் நனைந்த கரையில் ஓட்டினால் கரை அறுத்துக்கொள்ளும். விவசாயிகளின் தண்ணீர் அது, அந்தச் சமயத்தில் தவிர்ப்பதே மரியாதை. கிராமத்து வண்டிப்பாதைகளும் நல்லவைதான். வழியில் ஆடுமாடு ஓட்டி வருபவர்களுக்கு முதலில் வழி விடுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பழக வேண்டும் என்றால் தார்ச்சாலையே போதும். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். போடியில் இருந்து போடிமெட்டுக்கு 17 வளைவுகள். பொதுச்சாலை என்பதால் பஸ், லாரி, ஜீப் வரும். ஹெல்மெட், முன்பின் விளக்கு, பகல் நேரம் மூன்றும் கட்டாயம். சாலையை விட்டு காட்டுக்குள் திரும்பினால் மீண்டும் வனச்சட்டம்தான்.

போடி வரை போக ரயிலும் இருக்கிறது. மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில் போடி வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. சைக்கிளை ஏற்றுவதற்கான விதியை முன்கூட்டியே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

1. போகும் இடம் யாருடையது? வனத்துறையா, தொல்லியல் துறையா, தனியாரா? எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா?
2. காட்டுத்தீ காலமா? புல் காய்ந்திருக்கிறதா? இன்றைய வானிலை என்ன?
3. அதே பாதையில் சமீபத்தில் நடந்து வந்தவர் யாராவது கூட வருகிறாரா?
4. குறைந்தது மூன்று பேர் இருக்கிறீர்களா? ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் உதவிக்குப் போக வேண்டும்.
5. வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டீர்களா?
6. தண்ணீர், ஓஆர்எஸ், முதலுதவிப் பை, விசில், டார்ச், போன் சார்ஜ், பிரேக் பேடு, கேபிள் எல்லாம் சரியா?
7. மதியம் தாண்டினால் திரும்புவது என்று முன்பே முடிவு செய்துவிட்டீர்களா?

இதில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், அன்றைக்கு கண்மாய்க் கரையில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.